‘அழகியும் மிருகமும்’ கதையை வன்னிப் பிள்ளைகளுக்குச் சொல்வது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

முகத்தை வைத்து ஆளை எடைபோடக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க நினைக்கிறவர்கள் பெரும்பாலும் எடுக்கும் கதை ‘அழகியும் மிருகமும்’. பத்து நிமிடத்தில் சொல்லி முடித்து, “பாத்தீங்களா பிள்ளையள், வடிவு முக்கியமில்லை, குணந்தான் முக்கியம்” என்று ஒரு வரியும் சேர்த்துவிடுவார்கள். பிள்ளைகள் தலையாட்டுவார்கள். அடுத்த நாள் இடைவேளையில் அதே பிள்ளைகள் ஒருவனை “டேய் சொத்திக் கையா” என்று கூப்பிடுவார்கள்.

வன்னியில் இந்தக் கதையை அப்படி அவசரமாகச் சொல்லக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வடக்கு, மடு, மாந்தை என்று எந்தப் பக்கம் போனாலும் 2009 வரை நடந்த போரை உடம்பில் சுமக்கிறவர்கள் இருக்கிறார்கள். செயற்கைக் காலோடு வயலுக்குப் போகும் பெரியப்பா, கன்னத்தில் எரிகாயத் தழும்புள்ள சித்தி, ஒரு கண் இல்லாத கடைக்கார அண்ணா. இன்று ஆரம்பப் பாடசாலைக்குப் போகும் பிள்ளைகள் போருக்குப் பிறகு பிறந்தவர்கள்தான், ஆனால் அந்த முகங்களின் மடியில் வளர்ந்தவர்கள். அவர்களுக்கு முன்னால் இருந்துகொண்டு “மிருகம் கடைசியில் அழகான இளவரசனாக மாறிவிட்டது” என்று சந்தோசமாக முடிக்கும்போது, மாறாத முகங்களைப் பற்றி நாம் என்ன சொல்கிறோம் என்று யோசிக்க வேண்டும்.

கதை நல்ல கதை. அதில் மிருகத்தின் முகம் மாறுவதற்கு வெகுநாள் முன்பே பெண்ணின் கண் மாறிவிடுகிறது. அந்த மாற்றத்தைப் பிள்ளைகள் பார்க்கும்படி சொல்வதற்குத்தான் இந்த வழிகாட்டி. பெற்றோர், அம்மம்மாமார், ஆரம்பப் பிரிவு ஆசிரியர்கள், அறநெறிப் பாடசாலையில் படிப்பிக்கிறவர்கள், சனசமூக நிலையத்தில் பிள்ளைகளைச் சேர்த்துக் கதை சொல்கிறவர்கள் எல்லோரும் பயன்படுத்தலாம்.

முதலாவது: முழுக்கதையையும் தெரிந்துகொள்ளுங்கள்

படம் பார்த்த ஞாபகத்தில் சொல்லாதீர்கள். பழைய கதையில் படங்களில் வராத நல்ல விசயங்கள் நிறைய உண்டு.

இந்தக் கதையை முதலில் நீளமாக எழுதி அச்சிட்டவர் வில்நெவ் என்ற பிரெஞ்சுப் பெண் எழுத்தாளர், 1740இல். அது பெரியவர்களுக்கான எழுத்து. 1756இல் ல பிரான்ஸ் து போமோன் என்ற ஆசிரியை அதைச் சுருக்கிப் பிள்ளைகளுக்காக எழுதினார். அவர் அப்போது லண்டனில் பெண்பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தார். ஒரு ஆசிரியையும் மாணவிகளும் பேசிக்கொள்வது போலவே அவருடைய புத்தகம் அமைந்திருக்கிறது. அதாவது கதையைச் சொல்லிவிட்டுப் பிள்ளைகளோடு இருந்து பேசுவதற்கென்றே எழுதப்பட்ட கதை இது. நாம் சொல்ல வேண்டியதும் அவருடைய வடிவத்தைத்தான்.

சுருக்கம் இதுதான். ஒரு வியாபாரிக்கு மூன்று ஆண், மூன்று பெண் பிள்ளைகள். கப்பல்கள் தொலைந்து சொத்தெல்லாம் போகிறது. குடும்பம் நாட்டுப்புற வீட்டுக்குப் போகிறது. கடைசி மகள் விடியற்காலை 4 மணிக்கு எழும்பி வீட்டு வேலை பார்க்கிறாள், அக்காமார் பத்து மணி வரைக்கும் படுத்துக் கிடக்கிறார்கள். ஒரு வருடம் கழித்து ஒரு கப்பல் திரும்பி வந்ததாகத் தகவல் வருகிறது. அப்பா புறப்படும்போது அக்காமார் உடுப்புகள் கேட்கிறார்கள். சின்னவள் ஒரு ரோசாப்பூ கேட்கிறாள். அவளுக்கு ரோசாப்பூ ஆசை என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்றும் வேண்டாம் என்றால் அக்காமாரைக் குத்திக்காட்டுவது போல இருக்குமே என்றுதான் எதையாவது கேட்கிறாள். இந்த ஒரு இடத்தைச் சரியாகச் சொன்னாலே அந்தப் பெண் யார் என்று பிள்ளைகளுக்கு விளங்கிவிடும்.

கையில் ஒன்றும் மிஞ்சாமல் திரும்பும் அப்பா பனிக்காட்டில் வழி தவறி, ஆளில்லாத மாளிகையில் சாப்பிட்டுத் தூங்கி, காலையில் மகளுக்காக ரோசாக் கொப்பு ஒன்றை முறிக்கிறார். மிருகம் உறுமிக்கொண்டு வருகிறது. உன் உயிர், இல்லையென்றால் உன் மகள்களில் ஒருத்தி விரும்பி வர வேண்டும் என்கிறது. அண்ணன்மார் மிருகத்தைக் கொல்லப் போகிறோம் என்கிறார்கள். சின்னவள் தானே போகிறேன் என்று பிடிவாதமாகப் போகிறாள். மாளிகையில் அவளுக்கென்று ஒரு அறை, நிறையப் புத்தகங்கள், இசைக்கருவி. ஒவ்வொரு நாளும் இரவு 9 மணிக்கு மிருகம் வந்து அவள் சாப்பிடும்போது பக்கத்தில் இருந்து பேசுகிறது. ஒவ்வொரு இரவும் என்னைக் கலியாணம் கட்டுவீரா என்று கேட்கிறது. ஒவ்வொரு இரவும் அவள் மாட்டேன் என்கிறாள். மூன்று மாதம் இப்படிப் போகிறது.

அப்பாவைப் பார்க்க ஒரு வாரம் கேட்டுப் போகிறாள். அக்காமார் பொறாமையில் கண்ணில் வெங்காயம் தேய்த்து அழுது அவளை மறித்து வைக்கிறார்கள். தவணை தாண்டிவிடுகிறது. மிருகம் செத்துக்கொண்டிருப்பதாகக் கனவு கண்டு ஓடி வருகிறாள். தோட்டத்தில் கிடக்கும் மிருகத்தைப் பார்த்து, நீங்கள் சாகக் கூடாது, உங்களையே கட்டுகிறேன் என்கிறாள். அதன் பிறகுதான் மந்திரம் நீங்கி மிருகம் இளவரசனாவது, தேவதை வருவது எல்லாம்.

இதில் விடக் கூடாத ஒரு துண்டு உண்டு. அக்காமார் இருவரும் கலியாணம் முடித்தவர்கள். ஒருத்தியின் கணவன் பேரழகன், காலையிலிருந்து இரவு வரை தன் முகத்தைத் தவிர வேறு நினைப்பில்லாதவன். மற்றவளின் கணவன் பெரிய கெட்டிக்காரன், ஆனால் அந்தக் கெட்டித்தனம் முழுக்க ஆட்களைக் குத்திப் பேசுவதற்குத்தான், முதல் குத்து மனைவிக்கு. அழகு மட்டுமல்ல, கெட்டித்தனமும் ஒரு மனிதனின் உள்ளத்தைக் காட்டாது என்று கதை சொல்கிறது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளியை வைத்துப் பிள்ளைகளுக்கு விலை போடும் நம் ஊரில் இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது: யார் முன்னால் இருக்கிறார்கள் என்று பாருங்கள்

முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை வேண்டாம். அப்பாவைக் கொல்லுவேன் என்று மிரட்டும் இடம் அவர்களுக்குப் பெரிய பயம். ஆண்டு 2, 3 தொடங்கிச் சொல்லலாம்.

அதைவிட முக்கியம், கூட்டத்தில் இருக்கும் பிள்ளைகளின் வீடு. யாருடைய தகப்பனுக்குக் கை இல்லை, யாருடைய தாய்க்கு முகத்தில் காயம், எந்தப் பிள்ளைக்கே பிறவியில் உதடு பிளவு அல்லது கால் வளைவு என்று முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டும். அப்பா காணாமல் போன வீட்டுப் பிள்ளைக்கு, அப்பாவுக்காக மகள் போகும் இடம் வேறு விதமாகப் படும். அப்படிப் பிள்ளை இருந்தால் முதல்நாள் தாயோடு இரண்டு வார்த்தை பேசிவிடுங்கள். கதை சொல்லும்போது அந்தப் பிள்ளையைத் திரும்பிப் பார்க்காதீர்கள். பிள்ளைகள் அதை உடனே பிடித்துவிடுவார்கள்.

ஒரே இருப்பில் முடிக்க வேண்டாம். மூன்று நாளாகப் பிரியுங்கள். மிருகத்தோடு பழகுவதற்குச் சின்னவளுக்கு மூன்று மாதம் தேவைப்பட்டது. கேட்கிற பிள்ளைக்கும் ஒரு இரவாவது இடைவெளி வேண்டும்.

மூன்றாவது: மிருகத்துக்கு முகம் கொடுக்காதீர்கள்

போமோன் அம்மையாரின் கதையில் மிருகம் எப்படி இருந்தது என்று வர்ணனையே கிடையாது. பயங்கரமாக இருந்தது, அவ்வளவுதான். அதை அப்படியே விடுங்கள். வில்நெவ் எழுதிய பழைய வடிவத்தில் ஒரு அடையாளம் உண்டு: மிருகத்துக்கு யானையைப் போலத் துதிக்கை இருந்ததாம், நடந்தால் உடம்பின் செதில்கள் சத்தம் போடுமாம். அந்தக் கதையில் யானைத் துதிக்கை என்றால் பயங்கரம். இங்கே ஏ9 வீதியில் போகிற வாகனமெல்லாம் முறிகண்டியில் நின்று, தேங்காய் உடைத்து, துதிக்கையுள்ள பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டுதான் போகிறது. வளர்ந்த பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அவலட்சணம் என்பது பார்க்கப் பழகாத கண்ணில் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

செய்யவே கூடாதது ஒன்று இருக்கிறது. மிருகத்தைப் பயங்கரமாகக் காட்டுவதற்காக நொண்டி நடக்காதீர்கள், முதுகைக் கூனாதீர்கள், முகத்தைக் கோணாதீர்கள், ஒரு கண்ணை மூடாதீர்கள். இவை யாரோ ஒரு பிள்ளையின் வீட்டில் இருக்கும் உடம்புகள். குரலைத் தாழ்த்தினால் போதும், கூட்டம் அடங்கிவிடும்.

பெண்ணின் பக்கமும் கவனம் வேண்டும். “வெள்ளை வெளேரென்று ஒரு பிள்ளை” என்று நம்மை அறியாமலே வாயில் வந்துவிடும். பிறந்த குழந்தையைப் பார்க்கப் போனாலே முதலில் நிறத்தைப் பேசுகிற ஊர்கள் நம்முடையவை. ‘வெள்ளை’ என்ற ஒரு சொல் போதும், முன்வரிசையில் இருக்கும் கறுத்தப் பிள்ளை கதையை விட்டு வெளியே போய்விடுவாள். அவளுடைய முகத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல், காலை 4 மணிக்கு எழும்பியதையும் ரோசாப்பூ கேட்ட காரணத்தையும் சொல்லுங்கள். பெயரும் ‘அழகி’ வேண்டாம், ‘சின்னவள்’ என்றே கூப்பிடலாம். நான் அப்படித்தான் சொல்கிறேன்.

மற்றப்படி இடத்தை மாற்றத் தேவையில்லை. கப்பலும் பனியும் இருக்கட்டும், பார்க்காத பனியை வன்னிப் பிள்ளைகள் ரசித்துக் கேட்பார்கள். காட்டில் வழி தவறுவதை மட்டும் நம் காட்டில் வையுங்கள். ஒட்டுசுட்டானிலிருந்து நெடுங்கேணிப் பக்கம் இருட்டில் போன பிள்ளைக்கு, பாலை மரமும் வீரை மரமும் இரண்டு பக்கமும் சுவராக நிற்பது எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

நான்காவது: ஒன்பது மணிச் சாப்பாட்டை நிதானமாகச் சொல்லுங்கள்

கதையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பலர் இதை “இருவரும் பழகினார்கள்” என்று ஒரு வசனத்தில் தாண்டிவிடுகிறார்கள். அப்படித் தாண்டினால் பிள்ளைக்குக் கிடைப்பது மந்திரமும் கலியாணமும் மட்டும்தான்.

முதல் இரவைச் சொல்லுங்கள். அவள் சாப்பிட உட்காருகிறாள். காலடிச் சத்தம் கேட்கிறது. கை நடுங்குகிறது. மிருகம் வாசலில் நின்று கேட்கிறது: “நீர் சாப்பிடேக்க நான் பக்கத்தில இருக்கலாமோ?”

“இது உங்கட வீடு.”

“இல்லை, இங்க நீர்தான் வீட்டுக்காரி. போகச் சொன்னா நான் போயிடுவன்.” கொஞ்ச நேரம் கழித்து, “நான் வடிவில்லை, என்ன?”

“ஓம். எனக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஆனா நீங்கள் நல்லவர் எண்டு நினைக்கிறன்.”

இந்த உரையாடல் பழைய கதையிலேயே இருக்கிறது, நான் நம் பேச்சில் தந்திருக்கிறேன். இதில் இரண்டு விசயங்களைப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். ஒன்று, மிருகம் அனுமதி கேட்கிறது. மற்றது, சின்னவள் பொய் சொல்லவில்லை. உள்ளத்தின் அழகைப் பார்க்க வேண்டும் என்றால் கண்ணுக்குத் தெரிவதைத் தெரியவில்லை என்று நடிக்க வேண்டும் என்று நாம் பிள்ளைகளுக்குப் பழக்கிவிட்டோம். காயமுள்ள ஒருவரைப் பிள்ளை உற்றுப் பார்த்தால் தாய் கையைப் பிடித்து இழுத்து, “அங்க பார்க்காத” என்பாள். பிள்ளை என்ன படிக்கிறது? அது பார்க்கக் கூடாத ஆள் என்று படிக்கிறது. அதை விட, “அவரிட்டப் போய் வணக்கம் சொல்லு, பேரைக் கேள்” என்று சொல்லலாம். பேசிப் பழகிய பிறகு காயத்தைப் பற்றி அவரே சொல்லுவார், சொல்லாமலும் விடுவார். அது அவர் விருப்பம்.

பிறகு வரும் இரவுகளில் இரண்டு மூன்றைக் கட்டி வளர்த்துச் சொல்லுங்கள். புத்தகம் பற்றிப் பேசிய இரவு. தான் புத்தி குறைந்த ஆள் என்று மிருகம் சொல்ல, தனக்குப் புத்தி குறைவு என்று நினைக்கிறவன் முட்டாள் இல்லை என்று அவள் சொன்ன இரவு. பிறகு ஒருநாள், மணிக்கூட்டைப் பார்த்து “இன்னும் ஒன்பதாகவில்லையா” என்று அவளே யோசிக்கும் இரவு. அந்த இடத்தில் நிறுத்துங்கள். முதல் நாள் இங்கே முடியலாம். எந்த மந்திரமும் இன்னும் நடக்கவில்லை, மிருகத்தின் முகத்தில் ஒரு மயிர்கூட மாறவில்லை, ஆனால் அவள் ஒன்பது மணிக்குக் காத்திருக்கிறாள். பிள்ளைகள் இதை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகட்டும்.

ஐந்தாவது: “மாட்டேன்” என்ற பதிலை மறைக்காதீர்கள்

இந்தப் படியை ஆண்டு 8, 9 பெண்பிள்ளைகளுக்குச் சொல்லும்போது ஒருபோதும் விடாதீர்கள்.

பொறுமையாக இருந்தால் எந்த முரடனும் நல்லவனாவான் என்பதற்கு இந்தக் கதையை உதாரணம் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கதை அப்படிச் சொல்லவில்லை. மிருகம் அவளை அடிக்கவில்லை, ஏசவில்லை, கதவைப் பூட்டவில்லை. ஒவ்வொரு இரவும் கேட்கிறது, அவள் மாட்டேன் என்கிறாள், ஒரு பெருமூச்சோடு இரவு வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறது. அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று கேட்டபோது, நீர் திரும்பி வராவிட்டால் நான் செத்துப்போவேன் என்று சொல்லியும் அனுப்பி வைக்கிறது. குணம் முதலிலிருந்தே நல்லது, முகம்தான் வேறு. குடித்துவிட்டு அடிக்கிறவனுடைய கதை இது இல்லை. அவனிடம் பொறுத்திருந்து இளவரசனை எதிர்பார்க்கச் சொல்லி எந்தப் பெண்ணுக்கும் இந்தக் கதையைச் சொல்லக் கூடாது. நேரடியாகவே சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு விளங்கும்.

நீர் வராவிட்டால் செத்துப்போவேன் என்பதும் சரியான பேச்சில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால் ஒத்துக்கொள்ளுங்கள். ஒரு ரோசாப்பூவுக்காக ஒரு மனிதனின் உயிரைக் கேட்டதும் பெரிய பிழைதான். “ஏன் அப்பா அவளைப் போக விட்டவர்?” என்றும் கேட்பார்கள். அப்பா முதலில் மறுத்தார், அவள்தான் பிடிவாதம் பிடித்தாள் என்பதைச் சொல்லுங்கள். அதற்கு மேல் நியாயப்படுத்த வேண்டாம். நல்ல கதையிலும் பிழையான இடம் இருக்கும் என்று பிள்ளைகள் தெரிந்துகொள்வது நல்லதுதான்.

ஆறாவது: முடிவை இரண்டாக வெட்டுங்கள்

வெங்காயம், தவணை, கனவு எல்லாம் விரைவாகச் சொல்லலாம், அவை தாமாக ஓடும். தோட்டத்தில் மயங்கிக் கிடக்கும் மிருகத்தின் தலையில் அவள் தண்ணீர் தெளித்து, “நீங்கள் சாகக் கூடாது. நான் உங்களைத்தான் கட்டுவன்” என்கிறாளே, அங்கே இரண்டாம் நாளை நிறுத்துங்கள். பிள்ளைகள் கத்துவார்கள், பரவாயில்லை. “இப்ப அவளுக்கு மிருகம் வடிவோ, வடிவில்லையோ?” என்ற ஒரு கேள்வியை மட்டும் கொடுத்து அனுப்புங்கள். அந்த ஒரு இரவு முழுக்கப் பிள்ளையின் மனதில், மாறாத முகத்தோடுள்ள ஒருவரை ஒருத்தி விரும்பி ஏற்றுக்கொண்ட கதை இருக்கும். நமக்கு வேண்டியது அதுதான்.

மூன்றாம் நாள் இளவரசனைச் சொல்லுங்கள். மறைக்க வேண்டாம், எப்படியும் படத்தில் பார்ப்பார்கள். ஆனால் போமோன் அம்மையார் எழுதிய ஒரு சின்ன அசைவைத் தவறவிடாதீர்கள். காலடியில் பேரழகனான இளவரசன் இருக்கிறான். சின்னவள் சுற்றுமுற்றும் பார்த்து, மிருகம் எங்கே என்று கேட்கிறாள். அவளுக்கு வேண்டியது மிருகம். இந்த வரியைச் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள்.

“அப்ப ரீச்சர், எங்கட மாமாவின்ர முகமும் மாறுமோ?” என்று ஒரு பிள்ளை என்னிடம் கேட்டிருக்கிறாள். அவளுடைய மாமாவின் தாடையை எறிகணைத் துண்டு கொண்டுபோய்விட்டது. வன்னியில் இந்தக் கதையைச் சொல்கிற எவருக்கும் இந்தக் கேள்வி ஒருநாள் வரும், ஆகவே பதிலை முன்னமே யோசித்து வையுங்கள். “மாமாவுக்கு ஒருத்தரும் மந்திரம் போடேல்லை. மாமாவுக்குக் காயம் பட்டது. அதுதான் மாமாவின்ர முகம், அது மாறாது. மாமா உம்மோட என்ன விளையாடுறவர்?” என்று கேட்டேன். மாமா பட்டம் கட்டித் தருவார், வாலுக்குப் பழைய சாரத்தைக் கிழிப்பார், அம்மா ஏசுவா என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். கடவுள் மாற்றித் தருவார், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் சரியாகும் என்றெல்லாம் ஆறுதலுக்காகச் சொல்லிவிடாதீர்கள். அந்த முகத்துக்கு ஏதோ தண்டனை கிடைத்திருக்கிறது என்ற எண்ணம் பிள்ளைக்கு அதிலிருந்துதான் வரும்.

தேவதையின் தண்டனையால் அக்காமார் சிலையாகி, தங்கையின் மாளிகை வாசலில் நின்று அவள் சந்தோசத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், தம் பிழையை உணரும் வரை. இது பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த இடம். அவர்களை மன்னிக்கலாமா என்று ஒரு சுற்று வாக்குவாதம் நடக்கட்டும்.

ஏழாவது: நந்திக்கடல் கிழவியின் கதையைப் பக்கத்தில் வையுங்கள்

ஒரு வாரம் கழித்து, நம் ஊர்க் கதையைச் சொல்லுங்கள். முல்லைத்தீவு மாவட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர்கள் பலருக்கு இது தெரியும், பிள்ளைகளில் பலருக்குத் தெரியவில்லை.

நந்திக்கடல் கரையில் ஆடு மாடு மேய்த்த இடைச்சிறுவர்களிடம் ஒரு கிழவி வருகிறாள். கந்தல் உடுப்பு, பசி. சிறுவர்கள் அவளுக்கு இருக்க இடம் செய்து, புக்கை பொங்கிக் கொடுக்கிறார்கள். பொழுதுபட்டு விளக்கேற்ற எண்ணெய் இல்லை. கடல் தண்ணீரை ஊற்றி ஏற்றுங்கள் என்கிறாள் கிழவி. விளக்கு எரிகிறது. பிறகு, தலை கடிக்கிறது, பேன் பாருங்கள் பிள்ளைகள் என்று தலையைக் கொடுக்கிறாள். முடியை விலக்கிப் பார்த்தால் தலை முழுக்க ஆயிரம் கண்கள். கிழவி மறைந்துவிடுகிறாள். மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகிதான் அவள் என்பது ஐதீகம். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலின்போது இன்றும் கடல்நீரில் விளக்கு எரிகிறது. அதற்கு முன்னான நாட்களில் முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலிலும் அந்த விளக்கு எரியும்.

பிரெஞ்சுக் கதையையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு இதுதான் பெரிய கதை. கிழவி இளம்பெண்ணாக மாறவில்லை. சிறுவர்களுக்குப் பொன் கிடைக்கவில்லை. வந்தவள் யார் என்று தெரிவதற்கு முன்னமே அவர்கள் புக்கையும் கொடுத்துவிட்டார்கள், முன்பின் தெரியாத கிழவியின் தலையில் கையும் வைத்துவிட்டார்கள். நம்மில் எத்தனை பேர் அதைச் செய்வோம்? பிள்ளைகளிடமும் இதையே கேளுங்கள். “பேன் தலையைத் தொட்டிருப்பீங்களோ?” உண்மையான பதில்கள் வரும். “சீ, மாட்டன்” என்று சொல்கிற பிள்ளையை ஏசாதீர்கள், ஏன் என்று கேளுங்கள்.

மேல் வகுப்புப் பிள்ளைகள் என்றால் இரண்டு பாட்டுகளைச் சேர்க்கலாம். திருக்குறள் 667, வினைத்திட்பம்:

உருவுகண்டு எள்ளாமை வேண்டும் உருள்பெருந்தேர்க்கு
அச்சாணி அன்னார் உடைத்து.

தேர்த்திருவிழா பார்த்த பிள்ளைக்கு அச்சாணியைக் கையால் தொட்டுக் காட்டினால் உரை தேவையில்லை. மற்றது நாலடியார் 131, “குஞ்சி அழகும் கொடுந்தானைக் கோட்டழகும்” என்று தொடங்கி, “கல்வி அழகே அழகு” என்று முடியும் பாட்டு. அது சொல்லும் கல்வி, ‘நல்லவர்களாக இருக்கிறோம்’ என்று தன் நெஞ்சே நடுநிலையோடு சொல்லும்படி ஆக்குகிற கல்வி. அதை விளக்காமல் பாட்டை மட்டும் ஒப்புவிக்க வைத்தால், கெட்டிக்காரக் கணவனின் பக்கம் சாய்ந்துவிடுவோம்.

எட்டாவது: கேட்கும் கேள்விகள்

“இந்தக் கதையின் நீதி என்ன?” என்று மட்டும் கேட்காதீர்கள். பிள்ளைகளுக்கு விடை மனப்பாடம். எந்த இரவில் சின்னவளின் பயம் போனது, அவள் ரோசாப்பூ கேட்டிருக்கத் தேவையில்லையா, அழகன் கணவனோடு ஒருநாள் முழுக்க இருந்தால் என்ன பேசுவான், மிருகம் கண்ணாடியில் பார்த்தால் என்ன நினைக்கும் என்று கேளுங்கள். ஒரே சரியான விடை இல்லாத கேள்விதான் பிள்ளையை யோசிக்க வைக்கும்.

பிறகு ஒரு விளையாட்டு. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒருவரைப் பிள்ளை மனதில் நினைக்க வேண்டும். நிறம், உயரம், பருமன், காயம், நடை எதையும் சொல்லாமல், அவர் செய்வதை மட்டும் வைத்து மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். “விடிய பால் கொண்டு வருவார், நாயளக் கண்டா பெல் அடிப்பார், அம்மம்மாவுக்குக் காசு நாளைக்குத் தந்தாச் சரி எண்டுவார்.” முதல் தடவை பிள்ளைகள் திணறுவார்கள், ஏனென்றால் ஆட்களை உடம்பால்தான் குறிக்கப் பழகியிருக்கிறோம். ‘கறுவல்’, ‘நொண்டி’, ‘கட்டையன்’ என்ற சொற்கள் வாய்வரைக்கும் வந்து திரும்பிப் போவதைப் பார்க்கலாம். சில வாரம் தொடர்ந்து விளையாடினால் அயலவர் என்ன செய்கிறார்கள் என்று பிள்ளைகள் கவனிக்கத் தொடங்கிவிடுவார்கள். பெரியவர்கள் வீட்டில் அதே பட்டப்பெயரால் ஆட்களைக் கூப்பிட்டால் இதெல்லாம் வீண். பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொல்ல வெட்கப்படாதீர்கள்.

கடைசியாக: மேடையேற்றுவதானால்

பரிசளிப்பு விழாவுக்கு இந்தக் கதையை நாடகமாகப் போடுகிறவர்கள் உண்டு. அங்கேதான் எல்லாம் கவிழ்ந்துவிடும். வகுப்பிலேயே வெள்ளையான பிள்ளை அழகியாவாள், கறுத்த, பெரிய உடம்புள்ள பையன் மிருகமாவான். மூன்று நாள் சொன்ன கதையை அந்தத் தெரிவு ஒரே நிமிடத்தில் அழித்துவிடும். சத்தமாக, தெளிவாக, பயமில்லாமல் பேசுகிற பிள்ளைக்குச் சின்னவள் பாத்திரத்தைக் கொடுங்கள். மிருகமாக நடிக்க விரும்புகிறவர்கள் தாங்களாகக் கை உயர்த்தட்டும், ஒத்திகையில் ஒவ்வொருவராக மாறி மாறி நடிக்கட்டும். கரி பூச வேண்டாம், முகமூடியும் வேண்டாம். முதல் இரவில் மிருகம் சபைக்கு முதுகு காட்டி இருக்கட்டும், அடுத்த இரவில் பாதி திரும்பட்டும், அவள் மணிக்கூட்டைப் பார்க்கும் இரவில் முழுதாகத் திரும்பி இருக்கட்டும், பூசாத சொந்த முகத்தோடு. இளவரசன் வரும் காட்சிக்கும் அதே பிள்ளைதான், அதே உடுப்புத்தான். வேறு வடிவான பையனை உள்ளே அனுப்பாதீர்கள்.